உலோகம் எங்கே போகிறது? கழிவுநீரில் கரைந்த பார உலோகங்களும் மென்சவ்வு வடிகட்டலும்

வன்னியின் பல கிராமங்களில், சந்திக்கு அருகிலோ பாடசாலை மதிலை ஒட்டியோ, நீரைச் சுத்திகரிக்கும் சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. மாலை வேளையில் சைக்கிளின் பின்னே கான் கட்டிக்கொண்டு வருபவர்கள் அங்கே காத்து நிற்கிறார்கள். வீட்டுக் கிணற்று நீர் உவர்ப்பாகவோ, கல்சியம் மிகுந்த கடின நீராகவோ, புளோரைட்டு கூடியதாகவோ இருப்பதால், குடிப்பதற்கு மட்டும் இந்த நீரைக் கொண்டுபோகிறார்கள். "ஆர்.ஓ. தண்ணீர்" என்ற சொல் இப்படித்தான் எங்கள் பேச்சுக்குள் வந்து சேர்ந்தது.

இப்போது அந்தச் சொல் வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறது. பரந்தனிலும் மாங்குளத்திலும் தொழில் வலயங்கள் அமைவது பற்றிப் பேசப்படும் காலம் இது. தொழிற்சாலை வந்தால் கழிவுநீர் வருமே என்று ஒருவர் கேட்டால், "ஒரு ஆர்.ஓ. மெஷினைப் பூட்டினால் சரி" என்று மற்றொருவர் பதில் சொல்கிறார். மூன்றாமவர், "ஈயமும் இரசமும் கலந்த தண்ணீரை எந்த மெஷினும் திருத்தாது" என்று கையை விரிக்கிறார். இரண்டு கூற்றுகளும் பிழையானவை. ஆர்.ஓ. மெஷினுக்குள் நடக்கும் மென்சவ்வு வடிகட்டலால், அதாவது மெல்லிய படலம் ஒன்றின் ஊடாக நீரைச் செலுத்தி வடிப்பதால், நீரிலிருந்து பார உலோகங்களைப் பிரிக்க முடியும்; மிக நன்றாகவே பிரிக்க முடியும். ஆனால் பிரிப்பது வேறு, இல்லாமற் செய்வது வேறு. இந்த வேறுபாடு விளங்காமல் கழிவுநீரைப் பற்றிப் பேசுவது ஆபத்தானது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பார உலோகம் என்று எதைச் சொல்கிறோம்

ஈயம், இரசம், கட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு, நாகம் போன்ற அடர்த்தி மிகுந்த உலோகங்களே பார உலோகங்கள் எனப்படுகின்றன. ஆசனிக்கு முழுமையான உலோகம் அல்லாவிட்டாலும், அதன் நச்சுத்தன்மை காரணமாக இந்தக் கூட்டத்திலேயே வைத்து எண்ணப்படுகிறது. இவற்றுள் செம்பும் நாகமும் சிறிய அளவில் உடலுக்குத் தேவையானவை. அளவு மிஞ்சும்போதுதான் கேடு. ஈயத்துக்கும் இரசத்துக்கும் கட்மியத்துக்கும் உடலில் எந்த வேலையும் இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. கட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கி அதைச் சிதைக்கிறது.

கிணற்று நீரைக் கெடுக்கும் கல்சியமும் புளோரைட்டும் பார உலோகங்கள் அல்ல. வவுனியாப் பகுதியிலும் காணப்படும் காரணம் அறியாச் சிறுநீரக நோயைப் பற்றிப் பேசும்போது இவை எல்லாம் ஒரே பெயரில் குழப்பப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். அந்த நோய்க்குப் பல காரணிகள் சந்தேகிக்கப்படுகின்றன. இதுதான் காரணம் என்று ஒன்று இன்னும் உறுதி செய்யப்படவில்லை. ஆகவே அதை இந்தக் கட்டுரையில் ஒரு சான்றாக நான் எடுக்கவில்லை.

எடுக்கத்தக்க சான்று யப்பானில் இருக்கிறது. அங்கே டொயாமா மாநிலத்தில், சுரங்கம் ஒன்றிலிருந்து வெளியேறிய கட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரை வயலுக்குப் பாய்ச்சினார்கள். நெற்பயிர் கட்மியத்தை உறிஞ்சியது. சோறு உண்டவர்களின் எலும்புகள் மெலிந்து, தொட்டால் முறியும் நிலைக்கு வந்தன. நோயாளிகள் வலியால் எழுப்பிய ஓலமே அந்த நோய்க்குப் பெயரானது: "இத்தாய் இத்தாய்", அதாவது "நோகுது, நோகுது". 1968ஆம் ஆண்டில் யப்பானிய அரசு அதைச் சுற்றாடல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. குளத்து நீரில் நெல் விளைவிக்கும் எங்களுக்கு இந்தச் செய்தி தொலைவானது அல்ல.

எவ்வளவு சிறிய அளவு பற்றிப் பேசுகிறோம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடிநீரில் ஈயம் ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீட்டுக் கூரையில் வைக்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கியை எடுத்துக்கொண்டால், அந்த எல்லையைத் தொடுவதற்கு 10 மில்லிகிராம் ஈயம் போதும். அது ஓர் அரிசி மணியின் பாதி எடை.

கலங்கலும் கரைசலும்

எங்கள் முன்னோர் நீரைத் தெளியவைக்கத் தெரிந்தவர்கள். வேட்டித் துணியை மடித்து வடித்தார்கள்; கள்ளை வடிக்கப் பன்னாடை இருந்தது; கலங்கிய குளத்து நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டார்கள். தேற்றாங்கொட்டையின் வேலை வியப்பானது. துணியின் இழைகளுக்கிடையே நழுவிப்போகும் மிக நுண்ணிய களித் துகள்களை அது ஒன்றோடொன்று ஒட்டவைத்து, பெரிய கட்டிகளாக்கி, அடியில் படியச் செய்கிறது. இந்தக் கொட்டையை மறந்துவிடாதீர்கள். பின்னர் அதன் தத்துவத்துக்கே திரும்பி வருவோம்.

ஆனால் தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அல்ல. ஒரு கரண்டி உப்பை நீரில் கரைத்துத் துணியால் வடித்துப் பாருங்கள். உப்பு அப்படியே வடிந்து வரும். தேற்றாங்கொட்டைக்கும் உப்பு அகப்படாது. பழகிய மண்பானையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சுப் போல ஒன்று படிவதைப் பலர் கண்டிருப்பார்கள். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீரோடு, அதில் கரைந்திருந்த உப்புகளும் சேர்ந்து வெளியே வருகின்றன. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் அங்கே தங்கிவிடுகிறது. கரைந்த பொருள் நீர் போகும் வழியெல்லாம் கூடவே போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

உப்பு நீரில் கரையும்போது அது மின்னேற்றம் கொண்ட தனித்தனித் துணிக்கைகளாகப் பிரிகிறது. மின்னேற்றம் பெற்ற இத்தகைய அணுவையோ அணுக்கூட்டத்தையோ அயன் என்கிறோம். கழிவுநீரில் இருக்கும் ஈயமும் நிக்கலும் கட்மியமும் பெரும்பாலும் இந்த அயன் நிலையிலேயே கரைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் மணம் இல்லை, நீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நீரில் ஒரு பங்கு ஆவியாகும், உலோகமோ முழுவதும் எஞ்சும். ஆகவே நெடுநேரம் கொதித்த நீரில் உலோகத்தின் செறிவு சற்றுக் கூடியே இருக்கும்.

இதுவரை கண்டது: மண்துகளில் ஒட்டியிருக்கும் உலோகம் மண்ணோடு படியலாம், துணியில் தங்கலாம். கரைந்து அயனாகிய உலோகத்தைப் பிடிக்கத் துணியும் மணலும் நெருப்பும் உதவமாட்டா.

எவ்வளவு நுண்ணிய வலை வேண்டும்

மென்சவ்வு என்பது சிலவற்றை விட்டு, சிலவற்றை மறிக்கும் மெல்லிய படலம். இன்று பெரும்பாலும் பலவகைப் பிளாஸ்டிக் பொருள்களாலும், சில இடங்களில் மட்பாண்டம் போன்ற சுட்ட பொருளாலும் அதைச் செய்கிறார்கள். நந்திக்கடலில் இறாலுக்கு ஒரு கண்ணளவு, மீனுக்கு ஒரு கண்ணளவு என்று வலை வேறுபடுவது போல, மென்சவ்வுகளும் துளையின் அளவால் வேறுபடுகின்றன.

இந்த அளவுகள் நனோமீற்றரில் சொல்லப்படுகின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். இப்படிச் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு கோடி மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். அப்போது நீரில் கரைந்த ஓர் ஈய அயன், தன்னைச் சுற்றியுள்ள நீரோடு சேர்த்து, ஒரு நெல்மணியின் நீளம் இருக்கும். ஒரு நீர் மூலக்கூறு கடுகைவிடச் சற்றுப் பெரிது. சாதாரண பற்றீரியா ஒன்று ஏறத்தாழ 10 மீற்றர், அதாவது ஒரு பேருந்தின் நீளம். ஒரு தலைமுடியின் தடிப்பு அரைக் கிலோமீற்றரையும் தாண்டிவிடும்.

இந்த உலகத்தில் நுண்வடிகட்டல் மென்சவ்வின் துளை ஒரு படலை அளவிலிருந்து ஒரு பேருந்து நுழையும் அளவுவரை இருக்கும். அது பற்றீரியாவையும் கலங்கலையும் மறிக்கும். நெல்மணியை எப்படி மறிக்கும்? அடுத்தது மீநுண் வடிகட்டல். அதன் துளை ஒரு சாண் அகலத்துக்கும் குறைவு. பல வைரசுகளும் பெரிய புரத மூலக்கூறுகளும் நிற்கும், நெல்மணி தடையின்றிப் போகும். மூன்றாவது நனோ வடிகட்டல். துளை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். இங்கேதான் நெல்மணி முதன்முதலாகத் தயங்கி நிற்கிறது. நான்காவது எதிர்ப் பிரசாரணம். ஆர்.ஓ. என்று நாம் சொல்வது இதைத்தான். அதில் துளை என்று காட்டத்தக்க எதுவும் இல்லை. பின்னிக்கிடக்கும் மூலக்கூற்றுச் சங்கிலிகளின் இடுக்குகளில் நீர் நுழைந்து நுழைந்து மறுபக்கம் சேர்கிறது.

ஆகவே "மெம்பிரேன் பில்டர் போட்டிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அது ஒரு விடையே அல்ல. நான்கில் எது என்று கேட்க வேண்டும். முதல் இரண்டும் தனியே நின்றால் கரைந்த உலோகத்தைத் தொடவே தொடா.

நீர்ப் போர்வையும் நுகத்தடியும்

கவனமாக வாசித்தவருக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். ஈய அணு நீர் மூலக்கூற்றைவிட அவ்வளவு பெரியதா? இல்லை. தனியே எடுத்தால் ஈய அயனின் விட்டம் கால் நனோமீற்றருக்குக் கிட்ட. நீர் மூலக்கூறும் ஏறத்தாழ அதே அளவுதான். அப்படியானால் நீரை விட்டு ஈயத்தை மறிப்பது எப்படி?

விடை நீரின் இயல்பில் இருக்கிறது. நீர் மூலக்கூற்றின் ஒரு பக்கம் சிறிது எதிர் மின்னேற்றமும் மறுபக்கம் சிறிது நேர் மின்னேற்றமும் கொண்டது. ஈய அயனில் நேர் மின்னேற்றம் இருப்பதால், நீர் மூலக்கூறுகள் தங்கள் எதிர்ப் பக்கத்தைக் காட்டி அதைச் சூழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. வற்றாப்பளைப் பொங்கலன்று காவடி எடுத்து ஆடி வருபவரை நினைத்துப் பாருங்கள். அவர் தனியே வந்தால் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடுவார். ஆனால் செடில் பிடிப்பவரும் பறை அடிப்பவரும் உறவினரும் சுற்றி நிற்கையில் அவர் அகன்ற பாதையைத் தவிர வேறெங்கும் போக முடியாது. நீர்ப் போர்வை போர்த்திய ஈய அயனின் விட்டம் 0.8 நனோமீற்றர் அளவுக்கு வந்துவிடுகிறது. போர்வையைக் கழற்றுவதற்கு மிகுந்த சக்தி வேண்டும். அதனால் அது வெளியே நின்றுவிடுகிறது.

பருமன் ஒன்று மட்டும் வேலை செய்வதில்லை. நனோ வடிகட்டலிலும் எதிர்ப் பிரசாரணத்திலும் மென்சவ்வின் மேற்பரப்பு தானும் மின்னேற்றம் கொண்டது. சாதாரண நீரில் அது பெரும்பாலும் எதிர் மின்னேற்றம். குரோமியத்தின் மிக நச்சுத்தன்மையான வடிவம் குரோமேற்று என்னும் எதிர் அயனாக நீரில் இருக்கிறது; ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் மென்சவ்வு அதைக் கிட்ட விடாது. நிக்கல் போன்ற நேர் அயன்களின் கதை சற்றுச் சுற்றானது. அவற்றை மென்சவ்வு தள்ளாது; ஆனால் அவற்றோடு கூட இருக்கும் சல்பேற்று போன்ற எதிர் அயன்களைத் தள்ளும். நீரில் நேர் ஏற்றமும் எதிர் ஏற்றமும் எங்கேயும் சமமாகவே இருந்தாக வேண்டும் என்பது இயற்கையின் கட்டளை. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று படலையைக் கடக்க மறுத்தால் மற்றதும் நின்றுதானே ஆக வேண்டும்?

இதனால் கழிவுநீரின் அமிலத்தன்மை பெரிய செய்தியாகிறது. அமிலம் கூடும்போது மென்சவ்வின் ஏற்றம் மாறி நேர் ஏற்றமாகிறது. எது தள்ளப்படும், எது நுழையும் என்பதும் கூடவே மாறுகிறது. ஒரு தொழிற்சாலைக்குப் பொருந்திய மென்சவ்வு இன்னொன்றுக்குப் பொருந்தாமற் போவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

சுருங்கக் கூறின், மென்சவ்வு வெறும் அரிதட்டு அல்ல. அரிதட்டு மாவின் பருமனை மட்டுமே பார்க்கிறது. மென்சவ்வு பருமனையும் பார்க்கிறது, ஏற்றத்தையும் பார்க்கிறது.

உப்பில் போட்ட மாங்காய்

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி மூடி வைத்தால், மறுநாள் சட்டியில் நீர் நிற்கும்; துண்டுகள் சுருங்கியிருக்கும். உப்புச் செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு, ஒரு மென்சவ்வின் ஊடாக, நீர் தானாகவே நகர்வதற்குப் பிரசாரணம் என்று பெயர். மாங்காயின் கலச்சுவரை ஒட்டிய சவ்வு இங்கே அந்த வேலையைச் செய்கிறது. 1748ஆம் ஆண்டிலேயே நொலே என்னும் பிரெஞ்சுத் துறவி, பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டிய மதுக் கலத்தை நீரில் அமிழ்த்தி, நீர் உள்ளே புகுந்து பை உப்புவதைக் கண்டு பதிந்துவைத்தார்.

கழிவுநீரில் நமக்கு வேண்டியது இதற்கு மறுதலையானது: உப்பும் உலோகமும் செறிந்த பக்கத்திலிருந்து நல்ல நீர் வெளியே வர வேண்டும். நீர் தானாக அப்படி வராது. அதன் இயல்பான ஓட்டத்தை மீறும் அளவுக்கு அமுக்கம் கொடுத்துத் தள்ள வேண்டும். அதனாலேயே இது எதிர்ப் பிரசாரணம் ஆயிற்று. கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 27 பார் (பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு). பத்து மீற்றர் உயரத் தாங்கியிலிருந்து இறங்கும் நீர் கொடுப்பது ஒரு பார் மட்டுமே. ஆகவே கடல்நீரை வெறும் தாங்கியின் உயரத்தால் தள்ள வேண்டுமானால் தாங்கி 270 மீற்றருக்கும் மேலே நிற்க வேண்டும்! நடைமுறையில் கடல்நீருக்கு 55 முதல் 70 பார் வரையும், உவர் நீருக்கு அதைவிட மிகக் குறைவாகவும் பம்பி அழுத்துகிறது. ஆர்.ஓ. நிலையத்தின் மின்கட்டணம் ஏன் அவ்வளவு வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. நனோ வடிகட்டலுக்கு அமுக்கம் குறைவு, பெரும்பாலும் 5 முதல் 20 பார். அதனால் உலோகத்தைப் பிடிப்பதே நோக்கமாக இருக்கும் இடங்களில் அதைத் தேர்கிறார்கள்.

இந்த முறையைத் தொழிலாக்கியது படலத்தை மெல்லியதாக்கும் திறமைதான். 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும், மேலே மிக மெல்லிய தோலும் கீழே பஞ்சு போன்ற தாங்கும் அடுக்கும் கொண்ட மென்சவ்வை உருவாக்கினார்கள். அதற்கு முன் இருந்த தடித்த படலங்களில் நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இம்முறையால் குடிநீர் வழங்கப்பட்டது. இன்று நம் கிராம நிலையங்களில் சுருட்டி வைத்திருக்கும் மென்சவ்வில் உண்மையாகப் பிரிக்கும், பொலிஅமைட்டு என்னும் பிளாஸ்டிக்கால் ஆன தோலின் தடிப்பு, முடியின் தடிப்பில் சில நூற்றில் ஒரு பங்குதான்.

பால் திரைவது போல

எல்லாக் கழிவுநீரையும் நேரே ஆர்.ஓ.வுக்குள் தள்ளுவது வீண் செலவு. நெல்மணியைப் பிடிக்க முடியாத வலையில் நெல் மூட்டை அகப்படுமல்லவா? உலோக அயன்களை முதலில் பெரியவையாக்கிவிட்டால், குறைந்த அமுக்கத்தில் இயங்கும் நுண்வடிகட்டலும் மீநுண் வடிகட்டலும் போதுமானவையாகிவிடும்.

பாலில் தேசிப்புளி விட்டால் திரைந்து கட்டியாகிறது. அதுபோலக் கழிவுநீரில் சுண்ணாம்பு கலந்து அதன் காரத்தன்மையைக் கூட்டினால், கரைந்திருந்த பல உலோகங்கள் கரையாத துகள்களாகித் திரள்கின்றன. இப்படித் திரண்டு வரும் திண்மத்தை வீழ்படிவு என்கிறோம். தேற்றாங்கொட்டை களியைச் சேர்த்தது. இங்கே சுண்ணாம்பு கரைசலுக்குள் மறைந்திருந்ததையே வெளியே கொண்டுவந்துவிடுகிறது. பிறகு நுண்வடிகட்டி அதை மறிக்கிறது. சுண்ணாம்பு மிஞ்சிவிட்டால் நாகம், குரோமியம் போன்றவை மறுபடி கரையத் தொடங்கும். அளவோடு இட வேண்டும். குரோமேற்று இந்த வழியில் திரையாது. அதை முதலில் அமில நிலையில் வேறு இரசாயனத்தால் நச்சுக் குறைந்த வடிவத்துக்கு மாற்றிய பின்பே சுண்ணாம்பு வேலை செய்யும்.

இன்னொரு வழியும் உண்டு. சவர்க்காரம் போன்ற பொருளைப் போதிய அளவு நீரில் விட்டால் அதன் மூலக்கூறுகள் கூடி நுண்ணிய உருண்டைகளாகின்றன. அந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். எதிர் ஏற்றமுள்ள மைசெல்லின் மேற்பரப்பில் உலோக அயன்கள் பலாப்பழத்தில் ஈ மொய்ப்பது போல ஒட்டிக்கொள்கின்றன. உருண்டை மீநுண் வடிகட்டியில் நிற்கும்போது உலோகமும் நின்றுவிடுகிறது. எண்ணத்துக்கு இது மிக அழகான முறை. ஆயினும் தப்பிப்போகும் சவர்க்காரமே நீரை மாசாக்கும் என்பதாலும், அதை மீட்பது எளிதல்ல என்பதாலும், இதைவிடச் சுண்ணாம்பு வழியையே நான் நம்பத்தக்கதாகக் கருதுகிறேன்.

மென்சவ்வு அடைபடுவது

நம் பகுதிக் கேத்தில்களின் அடியில் படியும் வெள்ளைக் கல் போன்ற படிவு மென்சவ்விலும் படியும். எண்ணெய், களி, பாசி, பற்றீரியா ஆகியவையும் படியும். அடைபட்ட மென்சவ்வு குறைந்த நீரையே தரும், கூடிய மின்சாரத்தைக் கேட்கும். குளோரின் கலந்த நீர் பொலிஅமைட்டுத் தோலை அரித்துவிடும். அப்போது நீர் முன்னைவிடத் தாராளமாக வரும், ஆனால் மறிக்கப்பட வேண்டியதும் கூடவே வரும். நீர் நிறைய வருகிறது என்று மகிழ்வதற்கு முன், வரும் நீரைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது குழாய்

கிராமத்து ஆர்.ஓ. நிலையத்தின் பின்புறம் போய்ப் பார்த்தவர்கள் அங்கே இன்னொரு குழாயைக் கண்டிருப்பார்கள். முன்குழாயில் கானுக்கு நல்ல நீர் போகிறது. பின்குழாயில் மறுக்கப்பட்ட நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பெரும்பாலும் வாய்க்காலுக்கோ வெறும் நிலத்துக்கோ. எல்லா எதிர்ப் பிரசாரணத்திலும் நனோ வடிகட்டலிலும் இந்த இரண்டாவது குழாய் உண்டு. அது இல்லாமல் மென்சவ்வு இயங்காது. மறிக்கப்பட்டவை எங்காவது கழுவிச் செல்லப்பட வேண்டும். அந்த நீருக்குச் செறிகழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கணக்காகப் பார்ப்போம். உலோகப் பூச்சுத் தொழிற்சாலை ஒன்றின் அலசு நீர் 1000 லீற்றரில், லீற்றருக்கு 10 மில்லிகிராம் வீதம் நிக்கல் இருக்கிறது என்று கொள்வோம். மொத்த நிக்கல் 10 கிராம். மென்சவ்வு 750 லீற்றரை நல்ல நீராகத் தருகிறது. நிக்கலில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே அதோடு நழுவுகிறது என்றும் கொள்வோம். நல்ல நீரில் லீற்றருக்கு 0.13 மில்லிகிராம்தான் இருக்கும். மீதி 9.9 கிராம் எங்கே? செறிகழிவாகிய 250 லீற்றரில். அங்கே செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம், தொடக்கத்தில் இருந்ததைப் போல நான்கு மடங்கு. பத்துக் கிராம் நிக்கலும் இன்னும் இங்கேயே இருக்கிறது. ஒரு மில்லிகிராம் கூட அழியவில்லை, அழியவும் மாட்டாது. உலோகம் மூலகம் ஆதலால் எரித்தாலும் உக்கவிட்டாலும் அது உலோகமாகவே இருக்கும்.

அந்த 0.13 மில்லிகிராம் நீரையும் குடிக்கலாம் என்று எண்ணக்கூடாது. குடிநீரில் நிக்கலுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 0.07 மில்லிகிராம். தொழிற்சாலை அதை மறுபடி அலசு நீராகப் பயன்படுத்தலாம், கிணற்று நீரை எடுப்பதைக் குறைக்கலாம். அதுவே பெரிய பயன்.

செறிகழிவை என்ன செய்வது? நல்ல தொழிற்சாலை அதைப் பொருளாகப் பார்க்கும். நிக்கல் செறிந்த நீரைப் பூச்சுத் தொட்டிக்கே திருப்பி விடலாம். மின்பகுப்பால் உலோகத்தைத் தகடாகப் படியவைத்து எடுக்கலாம். அதற்கு இயலாதபோது சுண்ணாம்பால் வீழ்படிவாக்கி, சேற்றை அழுத்தி நீரை வடித்து, சீமெந்தோடு கலந்து இறுகச் செய்து, நீர் கசியாத அடித்தளம் கொண்ட குழியில் காலமெல்லாம் காத்து வைக்க வேண்டும். அமில மழை நீரோ புளிப்பேறிய குப்பை நீரோ பட்டால் அந்தச் சேற்றிலிருந்து உலோகம் மீண்டும் கரையும் என்பதால், ஊர்க் குப்பை மேட்டில் அதைக் கொட்டுவது, பிரித்த உலோகத்தை மறுபடி நிலத்தடி நீருக்கே அனுப்புவதாகும்.

கிராமத்து நிலையத்தின் பின்குழாயில் வருவது பெரும்பாலும் கிணற்றிலேயே இருந்த உப்பும் கடினமும்தான். அதையும் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் விட்டால் அந்த மண் உவராகும் என்பது வேறு கவலை. தொழிற்சாலையின் பின்குழாய் அதோடு ஒப்பிடத்தக்கது அல்ல.

வன்னியில் ஒரு குளத்தின் வான் பாய்ந்தால் அந்த நீர் கீழே உள்ள குளத்துக்குப் போகிறது. துருசு திறந்தால் வயலுக்குப் போகிறது. கனகராயன் ஆற்றின் நீர் இரணைமடுவில் தேங்கி, கிளிநொச்சியின் வயல்களை நனைத்து, எஞ்சியது சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை செல்கிறது. மேலே வாய்க்காலில் விட்ட பத்துக் கிராம் உலோகம் இந்த வழியில் எங்கே நிற்கும் என்றால், நீர் நிற்கும் இடங்களில், குளத்தின் அடிச் சேற்றிலும் வயலின் மண்ணிலும் நிற்கும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கழிவை வெளியேற்றும் தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும். அபாயகரமான கழிவுக்குத் தனி உரிமமும் உண்டு. தொழிற்சாலை ஒன்று வருவதற்கு முன் ஊரவரைக் கூட்டி விளக்கம் சொல்லப்படும் நாளில், முன்குழாயின் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டுவார்கள். அது தெளிவாகத்தான் இருக்கும். பின்குழாயின் நீர் நாளொன்றுக்கு எத்தனை லீற்றர், அதில் எந்த உலோகம் எவ்வளவு, அதன் சேறு எந்த வாகனத்தில் எந்த இடத்துக்குப் போகிறது, அதை அளந்து எழுதும் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்ற நான்கையும் அங்கே எழுந்து கேட்பதற்கு இரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை. கணக்கில் உள்ளே வந்த உலோகமும் வெளியே போன உலோகமும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் குறைந்த பங்கு வாய்க்காலில் இருக்கிறது.